மெயின் சுவிட்சுக்கு முன்னால் ஒரு விளக்கு

என் மைத்துனன் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் பாய்மரப் படகொன்றை வாங்கினான். தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் ஒருவர் அதைக் கைவிட்டுப் போக மனமில்லாமல், நன்றாகப் பார்த்துக்கொள்வான் என்று தோன்றியவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். மைத்துனன் என் மனைவியின் ஒரே தம்பி, மணம் செய்துகொள்ளாதவன், சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் கடலிலிருந்து பத்து நிமிட நடையில் தனியாக வாழ்ந்தவன். முப்பது ஆண்டுகள் கப்பல் கட்டும் நிறுவனமொன்றில் வரைபடம் வரைந்தவனுக்குத் தாளில் வரைந்தவற்றுள் ஒன்றிலேனும் ஏறிப் போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் மின்பணியாளனாக என் உழைக்கும் காலம் முழுவதையும் கழித்தவன். ஆகவே படகின் பாய்களும் கயிறுகளும் அவன் பொறுப்பு என்றும், பேட்டரியும் கம்பிகளும் என் பொறுப்பு என்றும் முதல் நாளே எங்களுக்குள் பிரிவினை ஆயிற்று.

அந்தப் படகு சாங்கிக்கு அருகே கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மிதவையில் கட்டப்பட்டு நின்றது. கரையிலிருந்து அதற்கு மின்சாரம் கிடையாது. கூரைமேல் ஒரு சூரியத் தகடு. தகடு தரும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க இரண்டு ஈய பேட்டரிகள். இன்ஜினைக் கிளப்புவதற்கென்று தனியே மூன்றாவது ஒன்று. கடலில் இருப்பவன் செலவழிக்கக்கூடியது இவ்வளவுதான். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடலாகாது. வடிந்த நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் அதன் உள்தகடுகள் கெட்டியாகிப் போகும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இதைப் பட்டறையில் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ரேடியோ, ஆழமானி, வழிகாட்டும் திரை, மின்விசிறி, விளக்குகள் என்று ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கும், எத்தனை மணி நேரம் இழுக்கும் என்பதை ஓர் அட்டையில் எழுதி, வரைபட மேசைக்கு மேலே ஒட்டினேன். மைத்துனன் அந்த அட்டையைப் பார்த்துச் சிரிப்பான்.

"அத்தான், படகுல ஒரு கட்டில் இருக்குன்னு மறந்துட்டீங்க. நான் குறட்டை விட்டா எவ்ளோ ஆம்பியர்?"

"உன் குறட்டைக்குத் தனி இன்ஜின் வேணும் மாப்ளே."

அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவில் நடராசப் பெருமானின் படத்தை வைத்தேன். அவன் கடவுளை மறுப்பவனும் அல்லன், வணங்குபவனும் அல்லன். தைப்பூசத்துக்குக் காவடி பார்க்க வருவான்; கோயில் வாசலில் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நிற்பான்.

"ஆடுற படகுல ஆடுற சாமியா? ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினா நான் எங்க லா நிக்கிறது?" என்றான், இவ்வூர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு.

"நீ கம்பியப் பிடிச்சுக்க. மத்தத அவர் பாத்துக்குவார்."

"சரி, வெளக்கு வேற வைக்கிறீங்க. யாரு அணைப்பா?"

"யாரும் அணைக்கக் கூடாது."

சிறு வயதிலிருந்து பதிகங்களை ஓதி வளர்ந்தவன் நான். மன்னர்கள் கோயில்களுக்கு ஆடுகளையும் நிலத்தையும் எழுதிவைத்து, நந்தா விளக்கு எரியவிட்டார்கள் என்று படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழும். அணையாத ஒன்றை என் கையாலும் ஏற்ற வேண்டும் என்ற ஆசை, மின்பணி தெரிந்தவனுக்குச் சுலபமாகக் கைகூடிவிடும் ஆசை. சிராங்கூன் சாலையில் பூசைப் பொருள் விற்கும் கடையில் ஒரு சிறு விளக்கு வாங்கினேன். அதில் இருந்த வெள்ளை எல்இடி நெய்ச்சுடர்போல் இல்லை என்பதால் அதைக் கழற்றிவிட்டு, காரில் போடும் பழைய இழை பல்பு ஒன்றைப் பொருத்தினேன். அது பொன்னிறமாக எரிந்தது.

அதற்கு இணைப்பு கொடுத்த இடத்தில்தான் நான் தவறினேன். படகை விட்டு இறங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவோம். அணைத்த பின்னும் மின்சாரம் பெறும் உரிமை படகில் ஒன்றுக்கு மட்டுமே உண்டு. அடித்தளத்தில் தண்ணீர் சேர்ந்தால் தானே இறைத்துக் கொட்டும் பம்பு அது. அது நின்றால் படகு மூழ்கும். ஆகவே அதை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே பேட்டரியோடு நேராக இணைத்திருப்பார்கள். நான் விளக்கையும் அதே இடத்தில் இணைத்தேன். பட்டறையில் வேறொருவன் இப்படிச் செய்திருந்தால் அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பேன். என் அட்டையிலும் அந்த விளக்கை நான் எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. மின்விசிறியையும் ரேடியோவையும்போல இறைவனுக்கு ஏற்றியதை ஒரு சுமை என்று எழுத என் கை போகாது. நாளொன்றுக்கு அது இழுப்பதைப்போலப் பல மடங்கைச் சூரியத் தகடு கொடுத்துக்கொண்டிருந்ததால், மூன்று ஆண்டுகள் அந்தத் தவறு வெளியே தெரியாமல் இருந்தது.

அந்த மூன்று ஆண்டுகளும் நல்ல ஆண்டுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் போவோம். மனைவி கட்டிக் கொண்டுவரும் எலுமிச்சைச் சோற்றைப் பாய் நிழலில் உட்கார்ந்து உண்போம். பாய் விரிந்து, காற்றுப் பிடித்ததும் மைத்துனன் இன்ஜினை நிறுத்துவான். அந்த நொடியில் அவன் முகத்தில் வரும் மாற்றத்தைக் காண்பதற்காகவே நான் அவனை நோக்கியபடி உட்கார்ந்திருப்பேன். உதடுகள் சற்றுத் திறந்து, கண்கள் சுருங்கி, யாரோ தன்னோடு பேசுவதைக் கேட்பவன்போல் இருப்பான். வழிபாட்டில் நான் அரிதாகவே அடைந்த நிலை அது.

நான்காம் ஆண்டில் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நுரையீரல் சிறிது சிறிதாக இறுகிப்போகும் நோய் என்றார்கள். தீபாவளி முடிந்து, சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்குகள் இன்னும் கழற்றப்படாத ஒரு வாரத்தில் அவனை மருத்துவமனையில் சேர்த்தோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். படகின் கூரை ஒழுகும் என்பது தெரிந்ததால் நான் மட்டும் போய், ஒரு பெரிய தார்ப்பாயைக் கூரைமீது இழுத்துக் கட்டினேன். தார்ப்பாய் சூரியத் தகட்டையும் மூடியது. மூடினால் என்ன, மெயின் சுவிட்சை அணைத்தாயிற்றே, எதுவும் இழுக்கப்போவதில்லை என்று எண்ணினேன். படத்தின் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைக் கும்பிட்டு, அவனை எனக்குத் திருப்பிக் கொடு என்று வேண்டிக்கொண்டு கரையேறினேன்.

ஆறு வாரங்கள் மருத்துவமனையும் வீடுமாகக் கழிந்தன. மார்கழியின் நடுவில் அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஒரு சிறிய இயந்திரம். சுவரில் செருகியிருக்கும் வரை அது வேலை செய்யும். இனி நாள்களைப் பற்றிப் பேசலாம், ஆண்டுகளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று மருத்துவர் என் மனைவியிடம் கூறினார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவன் என்னிடம் கேட்டான்.

"அத்தான், இந்த மெஷின் எவ்ளோ இழுக்கும்?"

ஏன் கேட்கிறான் என்பது எனக்கு உடனே விளங்கிற்று.

"இன்வெர்ட்டரோட சேர்த்தா பத்து ஆம்பியர்."

"ஆறு மணி நேரம் தாங்குமா?"

"தாராளமா."

"அப்ப ஒரு தடவை. உபின் தீவோட கிழக்கு முனை வரைக்கும். போறப்ப இன்ஜின் கூடாது. காத்து மட்டும்."

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "டேய், ஒனக்குப் பைத்தியமா? மூக்குல கொழாய வச்சுக்கிட்டு?"

"கொழாய் கடலுக்கு வராதா அக்கா? அதுக்கென்ன பாஸ்போர்ட்டா வேணும்?"

அவள் அழுதாள், பிறகு சம்மதித்தாள். மருத்துவர் தடுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. அவசரத்துக்கு என்று அரை மணி நேரம் தாங்கும் சிறு சிலிண்டர் ஒன்றுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். பொங்கலுக்குப் பின் ஐந்தாம் நாள் போவது என்று முடிவாயிற்று.

படகைத் தயார் செய்ய நான் முன்னதாகப் போனேன். தார்ப்பாயை நீக்கிக் கதவைத் திறந்தபோது உள்ளே இருட்டாக இருந்தது. படத்தின் முன்னிருந்த விளக்கு அணைந்திருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர் தரைப்பலகைக்கு மேல் நின்றது. பம்புக்கும் மின்சாரம் இல்லை. மீட்டரைப் பார்க்காமலேயே நடந்தது முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. விளக்கு ஏறக்குறைய மூன்று வாரங்களில் பேட்டரிகளை வற்றச் செய்திருக்கும். அதன்பின் அவை வெறுமையாகவே கிடந்திருக்கின்றன. நான் தண்ணீரைக் கையால் இறைத்துக் கொட்டினேன். விளக்கின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்ஜினை ஓடவிட்டும், வெயிலில் தகட்டைத் திறந்துவைத்தும், மூன்று நாள் போய்வந்து பேட்டரிகளை ஏற்றினேன். மூன்றாம் நாள் மாலையில் மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட் காட்டியது. நிறைந்த பேட்டரி காட்டும் எண்.

அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை என்னைவிட அறிந்தவர் குறைவு. அது அந்நேரத்து மின்னழுத்தத்தைச் சொல்லும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஒரு முழுநாள் சுமை ஏற்றிச் சோதித்திருக்க வேண்டும். அல்லது பேசாமல் புது பேட்டரிகளைப் போட்டிருக்க வேண்டும். காலையில் சொன்னால் மதியம் கொண்டுவந்து தரும் கடைகள் இங்கே உண்டு. ஆனால் புதியவை ஏன் என்று அவன் கேட்பான். நீங்கள் வைத்த விளக்கா என்று கேட்பான். இறைவனுக்கு ஏற்றியது என் மைத்துனனுக்குத் தீங்கு செய்தது என்று என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். எண்ணைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், அந்த எண்ணை அருள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஃபுல்லா இருக்கா அத்தான்?" என்று அன்று தொலைபேசியில் கேட்டான்.

"ஃபுல்" என்றேன்.

குறித்த நாள் விடிந்தபோது வடகிழக்குக் காற்று சீராக வீசியது. படகுத்துறையின் மலாய்க்காரப் படகோட்டி அவனைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி எங்கள் படகில் உட்கார வைத்தார். இயந்திரத்தை இன்வெர்ட்டரில் செருகினேன். மெல்லிய முனகலோடு வேலை செய்தது. மனைவி சிறு சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு அவனருகில் அமர்ந்தாள். நானும் படகோட்டியும் பாயை ஏற்றினோம். அவர் இறங்கித் தம் படகில் திரும்பினார். மைத்துனன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி, மிதவையை விட்டு விலக மட்டும் கிளப்பிய இன்ஜினை மறு கையால் நிறுத்தினான்.

அவன் முகம் மாறிற்று. மூக்கில் இருந்த குழாயையும் மீறி அதே முகம்.

ஒரு மணி நேரம் காற்றிலேயே போனோம். உபினுக்கு ஆள் ஏற்றிப்போகும் பம்போட் என்னும் மோட்டார்ப் படகொன்று எங்களைக் கடந்தபோது, அதிலிருந்த சுற்றுலாக்காரர்கள் கையசைத்தார்கள். அவனும் அரசரைப்போல் கையசைத்தான். "அக்கா, பாரு, நான் ஃபேமஸ் ஆயிட்டேன்" என்றான். அவள் அவன் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு புள்ளி மூன்று. பன்னிரண்டு. இயல்பாக இறங்குவதைவிட வேகமாக இறங்கியது. மின்விசிறியை அணைத்தேன், வழிகாட்டும் திரையை அணைத்தேன், ஆழமானியை அணைத்தேன். பதினொன்று புள்ளி ஆறு. மனத்துக்குள் பதிகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓதவில்லை, அது தானாகவே ஓடிற்று. ஒன்றரை மணி நேரத்தில், கிழக்கு முனையின் பாறைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த இடத்தில், இன்வெர்ட்டர் வீறிட்டது. இயந்திரத்தின் முனகல் நின்றது.

மனைவி குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினாள். "என்னங்க, இன்ஜினப் போடுங்க!" என்றாள்.

"அத்தான், அரை மணி நேரம். சிலிண்டர் இருக்குல்ல" என்றான் அவன்.

"டேய், வாய மூடு. என்னங்க!"

நான் இன்ஜினைக் கிளப்பினேன். அதன் ஓட்டத்தில் மின்சாரம் பிறந்து, இயந்திரம் மறுபடியும் முனகத் தொடங்கியது. புகையும் அதிர்வும் சூழ்ந்தன. முனை வரை இப்படியே போய்விடலாம் என்று நான் சொன்னேன்.

"இன்ஜின்ல போறதுன்னா பம்போட்லயே போயிருக்கலாம் லா" என்று சொல்லிவிட்டு, அவனே சுக்கானைத் தள்ளிப் படகைத் திருப்பினான். திரும்பும் வழியில் அவன் முனையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தவன் நான்.

எட்டு நாள்கள் நான் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். தைப்பூசத்தன்று கோயிலில் என்னைப் பாடச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன். ஒன்பதாம் நாள் பிற்பகல், மனைவி மீன் வாங்கக் கீழே போயிருந்தபோது, அவன் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லணும்."

"பேட்டரிதானே? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொன்னேன். விளக்கு, தார்ப்பாய், தண்ணீர், மீட்டர், எல்லாவற்றையும். அவன் கண்களை மூடிக் கேட்டான். இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"வெளக்க மறந்துட்டீங்க. சரி. நானும் வாராவாரம் பாத்த வெளக்குதான், நானும் மறந்தேன். ஆனா வந்து பாத்தப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் ஃபுல்னு சொன்னீங்க."

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"யார்கிட்ட? என்கிட்டயா, அவர்கிட்டயா?" என்று விரலை மேலே காட்டினான்.

நான் இயந்திரத்தின் குழாயை நேராக்கினேன்.

"எனக்கு இருந்தது ஒரு நாள், அத்தான்" என்றான். கோபத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. நான் கையைப் பிடிக்கப் போனேன், விலக்கிக்கொண்டான். பின்பு, வெளியே மின்தூக்கி வந்து நிற்கும் ஓசை கேட்டபோது, "அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்றான். "அவ இன்னும் ரொம்ப நாள் ஒங்ககூட இருக்கணும்."

மறுநாளிலிருந்து அவன் என்னோடு வழக்கம்போலவே பேசினான், கேலியும் செய்தான். படகைப் பற்றி மட்டும் பேசவில்லை. இரண்டாவது முறை போகலாம் என்று நான் சொல்லத் துணியவில்லை. அவன் உடல் அதற்கு இடமும் தரவில்லை. மாசியில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் காலமானான். மண்டாய் மயானத்தில் என்னைப் பதிகம் பாடச் சொன்னார்கள். பாடினேன். குரல் உடையவில்லை. அடியார்கள் இறைவனிடம் உரிமையோடு கோபித்துக்கொள்ளும் பாடல்கள் பல எனக்கு மனப்பாடம். அவற்றுள் ஒன்றும் அன்று என் வாயில் வரவில்லை. கோபிக்கும் உரிமையை நான் இழந்திருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் என் உறுதியைப் பாராட்டினார்கள்.

சித்திரையில் படகை விற்க முடிவு செய்தோம். பள்ளியில் கணிதம் கற்பிக்கும் சீனர் ஒருவர் பார்க்க வந்தார். கடலைப் பற்றி இதமாகப் பேசிய நடுவயது மனிதர். என் மனைவியும் உடன் வந்தாள்; தம்பியின் தொப்பியையும் போர்வையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அவர் பாயை, கயிறுகளை, இன்ஜினை எல்லாம் பார்த்துவிட்டு வரைபட மேசைக்கு வந்தார். இரண்டு வாரங்களாக நல்ல வெயில். மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டியது. பேட்டரி நன்றாக இருக்கிறது போலும் என்று அவர் ஆங்கிலத்தில் மகிழ்ச்சியோடு சொன்னார்.

இல்லை என்றேன். மீட்டரை நம்பாதீர்கள், இவை வெறுமையாகக் கிடந்தவை, இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும் என்றேன். எதனால் அப்படி ஆயிற்று என்று கேட்டார். கணித ஆசிரியருக்குரிய ஆர்வம். நான் கம்பியைத் தொட்டுக் காட்டி, அது எங்கிருந்து எங்கே போகிறது என்பதை விளக்கினேன். எத்தனை நாள் என்று கேட்டார், சொன்னேன். எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார், அதையும் சொன்னேன். ஓர் அந்நியருக்கு அதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை.

மனைவி போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பது நின்றுவிட்டதை நான் கவனித்தேன். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். வாங்க வந்தவர் எதையோ உணர்ந்து, வெளியே போய்க் கயிற்றைப் பார்ப்பதுபோல் நின்றார்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன். அவன்தான் ஒனக்குத் தெரிய வேணாம்னான்."

"கெளம்புறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போய் வாங்கிட்டு வந்திருப்பேன். எனக்கு எந்த வெக்கமும் கெடையாது."

சிறிது நேரத்தில் படகோட்டி எங்களை ஏற்றிப்போக வந்தார். அவள் போர்வையையும் தொப்பியையும் மார்போடு அணைத்தபடி எழுந்தாள். இறங்கும் இடத்தில் நான் முன்னே போய்க் கையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள்; பிறகு குனிந்து, படகோட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.